ஜிப்ஸி: நீள ஷேக்கிள் மாட்டியபின் ஸ்டியரிங் உதறுகிறது, நக்கிளில் ஆயில் கசிகிறது. எதை முதலில் பார்ப்பது?

செம்மண்_தடம் (கேள்வி):

வண்டி 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) மாருதி ஜிப்ஸி. லீஃப் ஸ்பிரிங் நான்கும் கம்பெனியோடு வந்தவை. ஷேக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையை ஃபிரேமோடு இணைக்கும் ஆடும் பட்டை) மட்டும் முன்னும் பின்னும் பழையதைவிட 50 மி.மீ. நீளம். டயர் 235/75 ஆர்15.

இப்போதுள்ள தொல்லைகள்:

1) 60 கி.மீ. வேகத்தில் முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஆடுகிறது. பிரேக் பிடித்து 30-க்கு இறக்கினால்தான் நிற்கிறது. ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் உதறலை அடக்கும் ஷாக்) புதிது.

2) இடது முன் நக்கிளின் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் மூட்டுக்கூடு) உருண்டைக்குப் பின்னாலிருந்து கறுப்பாக, நீர்த்த கிரீஸ் மாதிரி ஒழுகுகிறது.

3) 50-க்கு மேல் தரையிலும் சீட்டிலும் அதிர்வு. ஆக்சிலரேட்டரை விட்டால் குறைகிறது.

இதோடு 2 இன்ச் லிஃப்ட் பிளாக் (வண்டியை உயர்த்த ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைக்கும் கட்டை), இன்னொரு ஸ்டியரிங் டேம்பர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்சில்களுக்கு இழுவையை அனுப்பும் பெட்டி) 4.16 கியர் செட் மூன்றும் போடலாம் என்று திட்டம். எந்த வரிசையில் போவது?

கிரவுன்_பினியன்:

பிளாக் வாங்காதீர்கள். கம்பெனி ஜிப்ஸியில் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கிறது, ஆக்சில் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் பிளாக் வைத்தால் ஆக்சில் ஃபிரேமை நோக்கி மேலே போகும், அதாவது வண்டி இரண்டு இன்ச் இறங்கும். பிளாக் வேலை செய்வது ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உள்ள வண்டிகளில்தான். அங்கேயும் முன் ஆக்சிலில் வைக்கக் கூடாது. பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கில் பிளாக் நழுவப் பார்க்கும்.

இப்போது ஷேக்கிள் கணக்கு. ஸ்பிரிங்கின் ஒரு முனையைத்தான் ஷேக்கிள் பிடிக்கிறது, மறுமுனை ஃபிரேமில் நிலையாக இருக்கிறது. ஆக்சில் ஏறக்குறைய நடுவில். ஆகவே ஷேக்கிளில் 50 மி.மீ. கூட்டினால் கிடைக்கிற உயரம் 25 மி.மீ.தான். ஆனால் ஸ்பிரிங் முழுவதுமே சாய்ந்துவிடுகிறது. கண்ணுக்குக் கண் 900 மி.மீ. என்று வைத்தால் சாய்வு 3 டிகிரிக்குச் சற்று மேல்.

ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில். அது கீழே இறங்கினால் ஆக்சில் ஹவுசிங் முன்பக்கமாகக் கவிழும், கிங்பின்னின் (நக்கிள் திரும்பும் அச்சு) தலை முன்னால் போகும், காஸ்டர் (அந்த அச்சின் பின்சாய்வு) 3 டிகிரி குறையும். கம்பெனி கொடுத்ததே ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவதற்குக் காரணம் காஸ்டர். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும். திருப்பம் முடிந்து ஸ்டியரிங்கை விட்டால் உங்கள் வண்டியில் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாது என்றே நினைக்கிறேன்.

அளப்பது சுலபம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தை நேராக வைத்து, மேல் கிங்பின் மூடியின் தட்டையான முகத்தில் டிஜிட்டல் கோணமானியை முன்பின்னாக வையுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஹவுசிங் வளைந்திருக்கலாம், இல்லையென்றால் சென்டர் போல்ட் ஒடிந்து ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம்.

தீர்வு இரண்டு. ஷேக்கிளைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. லிஃப்டுக்கென்றே வளைத்த ஸ்பிரிங் வாங்குவது நல்ல வழி. சாய்வு வராது, ஸ்பிரிங்கும் புதிது. அது முடியாதென்றால் ஆப்பு. ஸ்பிரிங்குக்கும் ஆக்சில் இருக்கைக்கும் நடுவில் 3 டிகிரி ஆப்பு, இரும்பில். அலுமினியம் நசுங்கும், பிளக்கும்.

கிரீஸ்_கை:

மேலே சொன்ன காஸ்டர் கணக்கு சரி. ஆனால் உங்கள் முதல் தொல்லையும் இரண்டாவதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று சந்தேகப்படுகிறேன்: கிங்பின் பேரிங். காஸ்டர் குறைந்தால் வண்டி அலையும். ஒரு குழிக்கு இப்படி வெட்டி வெட்டி ஆட வேண்டுமென்றால் எங்கோ ஆட்டமும் இருக்க வேண்டும்.

சோதனை: முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் இருந்தால் கிங்பின். பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகிவிடும், அதற்கப்பால் ஆடக்கூடியது கிங்பின் மட்டுமே. டயரை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட், டிராக் ராட் (ஸ்டியரிங் இணைப்புத் தண்டுகள்) முனைகளின் ஆட்டம் தெரியும். இதைச் சக்கரம் தரையில் இருக்க, ஸ்டியரிங்கை ஒருவர் சின்னதாக ஆட்டிக்கொண்டிருக்க, கீழே படுத்து விரலை மூட்டில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

இரண்டாவது டேம்பர் வேண்டாம். டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், நிறுத்தாது. ஒன்றே சரியாக வேலை செய்தால் போதும்.

ஒழுகுவது என்னவென்றால், ஆக்சில் குழாயின் முனையிலுள்ள உள் ஆயில் சீல் போய், கிரவுன் (டிஃபரன்ஷியல்) ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைக்கிறது. சீலை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் திரும்ப ஒழுகும். சீல் ஏன் போனது என்று பாருங்கள். ஸ்பிண்டிலுக்குள் (ஹப் சுற்றும் குழாய்த்தண்டு) உள்ள பித்தளை புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் துள்ளும், துள்ளும் ஷாஃப்ட் சீலின் உதட்டைத் தின்னும். கிங்பின் ஆட்டமும் அதையே செய்யும். மூன்றாவது, ஆக்சில் ஹவுசிங்கின் மூச்சுக்குழாய் சேற்றில் அடைபடுவது. ஹவுசிங் சூடாகும்போது காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் சீல் வழியே ஆயிலைத் தள்ளும்.

வேலை போகும் வரிசை:

முதலில் முன் கிரவுன் ஆயிலை வடியுங்கள், மறந்தால் ஷாஃப்டை இழுக்கும்போது தரையெல்லாம் ஆயில். காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க வேண்டாம். ஹப் மூடி, வட்டக் கிளிப், ஹப், நாக்கு மடித்த வாஷர், பேரிங் நட்டு, டிஸ்க், ஸ்பிண்டில் என்று இறங்குங்கள். ஸ்பிண்டில் பிடித்திருந்தால் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள், ஸ்குரூடிரைவரை நெம்புகோலாக்காதீர்கள். பிறகு ஷாஃப்டை உருவலாம். டை ராட் முனையையும், உருண்டைக்குப் பின்னால் சீலைப் பிடித்திருக்கும் தகடுகளையும் கழற்றியபின் மேல், கீழ் கிங்பின்.

இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். கிங்பின் அடியில் ஷிம் (மெல்லிய தகடு) இருக்கும். மேலே எத்தனை, கீழே எத்தனை, என்ன தடிமன் என்று எழுதி வையுங்கள். புது பேரிங் போட்டபின் பழைய ஷிம்மையே வைத்துத் தொடங்குங்கள். சீல், ஷாஃப்ட், டை ராட் எதுவும் இல்லாமல் நக்கிளை மட்டும் மாட்டி, டை ராட் ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும்போது தராசு ஒரு கிலோவுக்கு மேல், இரண்டு கிலோவுக்குள் காட்ட வேண்டும். விரலால் தள்ளினாலே லேசாகச் சுழன்றால் ஷிம் ஒன்றை எடுங்கள். ஷிம் குறைந்தால் கிங்பின் உள்ளே அமுங்கும், இறுக்கம் கூடும். மேலே எடுத்தால் கீழேயும் அதே அளவு எடுங்கள், ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் ஷாஃப்ட் நடுவை விட்டு விலகி புது சீலையும் தின்னும்.

ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலை இரண்டு மி.மீ. தள்ளி உட்கார வையுங்கள், உதடு தேயாத இடத்தில் படும். உருண்டையில் துரு இருந்தால் 400 எண் எமரியால் தேய்த்து வழவழப்பாக்குங்கள், சொரசொரப்பு வெளிச் சீலை அறுக்கும்.

மூட்டுக்கு மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ். மூட்டின் குண்டுகளுக்கு இடையே விரலால் அழுத்தி நிரப்புங்கள். நக்கிள் குழியை முழுக்க அடைக்க வேண்டாம், சூட்டில் விரிய இடம் வேண்டும். ஹப்புக்குள்ளோ மெல்லிய பூச்சு மட்டும். அங்கே கிரீஸ் அதிகமானால் குளிரில் இறுகி, ஹப்பை லாக் செய்யும் டயல் திரும்பியும் கியர் ஏறாது. அப்புறம் ‘ஃபோர் வீல் வேலை செய்யவில்லை’ என்று இன்னொரு கேள்வி எழுத வேண்டியிருக்கும்.

எல்லாம் மாட்டியபின் ஹப் சோதனை: பின் சக்கரத்துக்கு அடை கொடுத்து, முன் சக்கரம் இரண்டும் தூக்கிய நிலையில் ஹப் இரண்டையும் லாக் செய்து, 4எச் (ஃபோர் வீல், ஹை ரேஞ்ச்), முதல் கியர், எஞ்சின் அணைத்து. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை.

லோ_ரேஞ்ச்:

மூன்றாவது தொல்லைக்கு வருகிறேன்.

பின்னால் ஷேக்கிள் ஸ்பிரிங்கின் பின்முனையில். நீளமானது மாட்டியதால் பின்முனை இறங்கி, பினியனின் (கிரவுனைச் சுற்றும் சிறு கியர்) மூக்கு 3 டிகிரி மேலே தூக்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் ஒற்றைக் கிராஸ் (யூனிவர்சல் ஜாயிண்ட்) உள்ள புரப்பெல்லர் ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளித்தண்டும் பினியனும் இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மறு கிராஸ் சரிக்கட்டும். இணை தவறினால் சரிக்கட்டாது, அதைத்தான் சீட்டில் உணர்கிறீர்கள். இரண்டு முனையிலும் கோணமானி வைத்து அளந்து, வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் வரும்படி ஆப்பு போடுங்கள். ஷாஃப்டைப் பிரித்து மாட்டியிருந்தால் இரண்டு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே வரிசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இதே அதிர்வுதான்.

அளப்பதற்கு முன் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கையால் பிடித்து உலுக்குங்கள். இந்த வண்டியில் அது கியர்பாக்ஸோடு ஒட்டியில்லை, ரப்பர் மவுண்டில் தனியாகத் தொங்குகிறது, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். ரப்பர் பிளந்திருந்தால் லோ ரேஞ்சில் கேஸே முறுக்கிக்கொள்ளும், கியர் தானாக விழும், குட்டி ஷாஃப்ட் கிராஸ் சீக்கிரம் போகும். இந்த நிலையில் எந்தக் கோணத்தை அளந்தாலும் பொய்.

4.16 செட் பற்றி. கம்பெனி லோ விகிதம் 2.268. 4.16 போட்டால் லோவில் இழுவை 83 சதவீதம் கூடும். பாறையில் தவழ அருமையான பொருள். ஆனால் அந்த முறுக்கு நேராக முன் மூட்டுக்குப் போகும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்து, ஒரு சக்கரம் இடுக்கில் மாட்டிய நிலையில் மிதித்தால் முதலில் உடைவது அதுதான். தேய்ந்த நக்கிளோடு இதைப் போட வேண்டாம். டயரால் இழந்தது எவ்வளவு என்று பார்த்தால், கம்பெனி 205/70 டயரின் விட்டம் 668 மி.மீ., 235/75-இன் விட்டம் 733. இழுவை 9 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66 போகிறீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆயில் அளவுகள்: கியர்பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் 0.8, முன் கிரவுன் 2, பின் கிரவுன் 1.5. கிரவுனுக்கு 80டபிள்யூ-90 ஜிஎல்-5. கியர்பாக்ஸில் ஜிஎல்-4 போடுங்கள், ஜிஎல்-5 ஆயிலில் உள்ள சில சேர்மானங்கள் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு ஆகாது. வடித்த ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடான ஹவுசிங் ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். மூச்சுக்குழாயில் எரிபொருள் ஹோஸ் ஒன்றை மாட்டி எஞ்சின் அறையின் மேல்வரை கொண்டுபோய்விடுங்கள். இந்த வண்டிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இதுதான்.

செம்மண்_தடம்:

உலுக்கிப் பார்த்தேன், டிரான்ஸ்ஃபர் மவுண்டில் ஒன்று முழுக்கப் பிளந்திருக்கிறது. பிரேக் சோதனையில் இடது பக்க ஆட்டம் மறையவில்லை. பிளாக்கும் இரண்டாவது டேம்பரும் ரத்து. புது ஸ்பிரிங் வரும்வரை ஆப்புதான். தடித்த முனை எந்தப் பக்கம்? முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றா?

கிரவுன்_பினியன்:

ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் உங்கள் வண்டியில், இரண்டிலுமே தடித்த முனை ஷேக்கிள் இருக்கிற பக்கம். முன் ஆக்சிலில் முன்னே, பின் ஆக்சிலில் பின்னே. ஷேக்கிள் எந்த முனையைத் தாழ்த்தியதோ அந்த முனையில் ஆக்சிலைத் தூக்கிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஸ்பிரிங் மேலே இருக்கும் வண்டிக்கு இது தலைகீழ். அங்கே பார்த்ததை இங்கே செய்துவிடாதீர்கள்.

முன்னால் ஆப்பு வைத்தால் பினியன் கீழே இறங்குமே என்று கேட்கலாம். ஷேக்கிள் ஏற்கெனவே 3 டிகிரி தூக்கியிருந்தது, ஆப்பு அதைத் திருப்பி எடுக்கிறது. கிட்டத்தட்டக் கம்பெனி கோணத்துக்கே வருகிறீர்கள்.

ஆப்பின் தடிமனுக்கு ஏற்ப நீளமான சென்டர் போல்ட் வாங்குங்கள். அதன் தலை ஆக்சில் இருக்கையின் ஓட்டைக்குள் முழுக்க இறங்க வேண்டும், விளிம்பில் ஏறி உட்கார்ந்தால் ஆக்சில் நகரும். யூ போல்ட் புதிது, பழையது ஒருமுறை இழுபட்டுவிட்டது. ஷேக்கிள் போல்ட்களை வண்டி தூக்கிய நிலையில் இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று, வண்டி எடை ஸ்பிரிங்கில் இறங்கியபின் இறுக்குங்கள், இல்லையென்றால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழியும்.

முடிந்தபின் ஃபிரேமை ஸ்டாண்டில் வைத்து ஆக்சிலைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை முனைக்கு முனை திருப்பிப் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, புரப்பெல்லர் ஷாஃப்டின் பல் எவ்வளவு உள்ளே நிற்கிறது, ஷாக் முழுக்க நீண்டு அதுவே ஆக்சிலைப் பிடித்துத் தொங்குகிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் வளையம் நேரில் இல்லாவிட்டால் டிராக் ராடில் சரிசெய்யுங்கள், வளையத்தைக் கழற்றி மாட்டாதீர்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500-இல் ஒருமுறை யூ போல்ட்களைக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். ஆப்பு புதிதாக அமரும்போது முதல் தடவை நட்டு கொஞ்சம் ஓடும்.