‘ஃபீல்டு’: புலமா, களமா?

அன்புடையீர்,

இளங்கலை இயற்கணிதப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்லவிருப்பதால், ‘ஃபீல்டு’ (field) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லை அதில் புலம் என்பதா, களம் என்பதா என்பது குறித்து என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மின்புலம், காந்தப்புலம் என்பன பள்ளிப் பாடநூல்களிலேயே வேரூன்றிவிட்டன. அவற்றில் கைவைக்க வேண்டியதில்லை. 1845இல் இயற்பியலாளர் ஃபாரடே ‘ஃபீல்டு’ என்ற சொல்லை ஆண்டபோது கருதியது விசை பரவிய வெளியை. வன்புலம், மென்புலம் என நிலத்தைச் சுட்டிய சங்கச் சொல் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

இயற்கணிதத்திலோ பரப்பு என்ற பேச்சே இல்லை. கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும், சுழியமல்லாத எண்ணால் வகுத்தாலும், விடை வெளியே போகாத எண்தொகுதியே அங்குப் பொருள். மட்டு 5இல், அதாவது 5ஆல் வகுத்த மீதியை மட்டும் கொள்ளும் கணக்கில், 2×3 என்பது 1 ஆவதால், 2ஆல் வகுப்பதும் 3ஆல் பெருக்குவதும் ஒன்றே. மட்டு 6இல் அதே பெருக்கல் சுழியமாகிவிட, 2ஆல் வகுக்க வழியில்லை. இதையும் புலம் என்றால், இயற்பியல் பொருளிலான ‘திசையன் புலம்’, இயற்கணிதப் பொருளிலான ‘புலத்தின் மீதான திசையன் வெளி’ இரண்டையும் ஒரே பக்கத்தில் காணும் மாணவர் திகைப்பார். ஆகவே களம் என்கிறேன்.

‘புலம் தொகுத்தோனே’ என்னும் தொல்காப்பியப் பாயிரத்தைப் புலவர் ஐயா நினைவூட்டினார். அங்குள்ள புலம் அறிவுத்துறை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் மொழிப்புலம், சுவடிப்புலம் ஆகியவற்றுக்கு அது அரணாகலாம், எண்தொகுதிக்கு ஆகாது. கணிதவியலாளர் டெடிகின்டு 1871இல் இந்த எண்தொகுதியை ஜெர்மனில் ‘உடல்’ என்றே அழைத்ததால் ‘மெய்’ எனலாம் என்ற கருத்து அழகானதுதான்; ஆனால் ‘மெய்யெண்களின் மெய்’ என்று கரும்பலகையில் எழுத எனக்குத் துணிவில்லை.

*

ஐயா,

வணக்கம். தாங்கள் காட்டிய குழப்பம் உண்மை, மருந்துதான் உடன்பாடில்லை. இணையத்தில் ‘டொமைன்’ என்பதை ஆள்களம் என்று வழங்கி நெடுநாளாயிற்று. பாடக்குறிப்பின் பிற்பகுதியில் ‘இன்டெக்ரல் டொமைன்’ (சுழியமல்லாத இரண்டைப் பெருக்கினால் சுழியம் வராத ஒருவகை எண்தொகுதி) வரும்போது எந்தக் களத்தை அதற்கு ஒதுக்குவீர்கள்? ஆங்கிலத்தார் வயலுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் மின்விசைக்கும் எண்தொகுதிக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, இடம் நோக்கிப் பொருள் கொள்கிறார்கள். பலபொருள் ஒருசொல்லுக்கு இலக்கணமே வகுத்த நாம் அதற்கு அஞ்சுவானேன்? ‘எண்புலம்’ என்று அடைகொடுத்தால் போதும் என்பது என் எண்ணம்.

பெரும்பான்மையர் களத்தின் பக்கம் இருப்பது தெரிகிறது. அப்படியே அச்சிடுங்கள், சொல் முதன்முதல் வரும் பக்கத்தில் ‘புலம் என்றும் வழங்கும்’ என்ற அடிக்குறிப்பு மட்டும் இடம்பெற வேண்டும்.