போட்ட தண்டவாளத்தை ஏன் மறுபடி பெயர்த்தார்கள்? (ஈஸ்ட் பாலஸ்டைன், ஒஹையோ)

செந்தாழை:
2023 பிப்ரவரி 3 ராத்திரி அமெரிக்காவில் ஈஸ்ட் பாலஸ்டைன் ஊரோரம் நார்ஃபோக் சதர்ன் கம்பெனியின் சரக்கு ரயில் தடம் புரண்டதே, 38 வேகன்கள், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு என்ற நச்சு ரசாயனம், கரும்புகை எல்லாம் டிவியில் பார்த்திருப்பீர்கள். 8ஆம் தேதியே அந்த லைனில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் மார்ச்சில் அதே தண்டவாளத்தைப் பெயர்த்து அடிமண்ணைத் தோண்டியிருக்கிறார்கள். முதலிலேயே தோண்டித் தொலைத்திருக்கலாமே?

பழைய_கேங்மேன்:
ரயில்வேக்காரனுக்கு லைன் திறப்பதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் அப்புறம்தான். கவிழ்ந்த வேகன்களை ஓரமாகத் தள்ளு, பள்ளத்தை நிரப்பி ஜல்லி கொட்டு, ஸ்லீப்பரோடு (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை) கோத்து வைத்த தண்டவாளத்தைத் தூக்கி வை, வண்டியை மெதுவாக விடு. எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும். நிலக்கரி கவிழ்ந்திருந்தால் இதில் தப்பே இல்லை. இங்கே ரசாயனம் ஊறிய மண்ணின் மேலேயே ஜல்லியைக் கொட்டிவிட்டார்கள், மழை பெய்தால் அது ஓடைக்குத்தானே போகும்? ஊர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள். பிப்ரவரி 21 அன்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, நீ அள்ளு, அள்ளாவிட்டால் நாங்கள் அள்ளி மூன்று மடங்கு பணம் வசூலிப்போம் என்று உத்தரவு போட்டது. அதன் பிறகுதான் ஒவ்வொரு லைனாகக் கழற்றித் தோண்டினார்கள்.

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
மண்ணை விட ஓடைதான் பெரிய தலைவலி. வினைல் குளோரைடு மைனஸ் 13 டிகிரியிலேயே கொதிக்கிற சரக்கு, பெரும்பாலும் எரிந்தோ காற்றிலோ போய்விடும். அதே ரயிலில் வந்த இன்னொரு ரசாயனமான பியூட்டைல் அக்ரிலேட் அப்படியில்லை, திரவம், ஊருக்குள் ஓடும் சல்ஃபர் ரன் ஓடையில் நேராக இறங்கியது. ஓடையை மேலேயே அணை போட்டு மறித்து, நல்ல தண்ணீரைக் குழாயில் சுற்றிவிட்டு, கெட்டதை உறிஞ்சினார்கள், கீழே தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தினார்கள். மேலே தெளிந்துவிடும், அடிச்சேறு தெளியாது. அப்போது செனட்டராக இருந்த ஜே.டி. வான்ஸ் சல்ஃபர் ரன் போய்ச் சேரும் லெஸ்லி ரன் ஓடையில் ஒரு குச்சியை விட்டுக் கிளற, வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்து வந்த வீடியோவைத் தேடிப் பாருங்கள். பொடிமீன்களையும் சேர்த்து 43,000க்கு மேல் நீர்வாழ் உயிர்கள் செத்ததாக மாநில அரசின் கணக்கு.

செந்தாழை:
நன்றி சார். அள்ளிய மண் எங்கே போனது?

பிட்ஸ்பர்க்_வாசி:
வேறு ஊர்க்காரன் தலையில்தான் 😀 1,60,000 டன்னுக்கு மேல் மண், மிச்சிகன், இந்தியானா என்று லாரி லாரியாகப் போனது. ரசாயனம் கலந்த தண்ணீரில் ஒரு பங்கு டெக்சாஸின் டீர் பார்க் ஊரில் கழிவை இறக்கும் ஆழ்கிணற்றுக்குள். எங்களுக்குச் சொல்லவே இல்லையே என்று அந்த வட்டார நிர்வாகம் கொதித்தது, கொஞ்ச நாள் அனுப்புவதையே நிறுத்தி வைத்தார்கள். அங்கே விதிப்படிதான் இறக்கினார்கள், ஆனாலும் டீர் பார்க்காரன் என்ன பாவம் செய்தான்?

கெமிஸ்ட்ரி_வாத்தியார்:
எனக்கு ஆறாதது இதுதான்: வெடித்துவிடும் என்று பயந்து வினைல் குளோரைடு இருந்த ஐந்து டேங்கர்களைத் துளைத்துக் கொளுத்தினார்களே, அது தேவையே இல்லை என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2024 ஜூனில் சொல்லிவிட்டது. சரக்கைத் தயாரித்த கம்பெனியின் ஆட்கள் டேங்கருக்குள் வெடிக்க வைக்கிற மாதிரி வேதிவினை எதுவும் நடக்கவில்லை என்று அப்போதே சொன்னார்கள். முடிவெடுத்தவர்கள் காதுக்கு அது போய்ச் சேரவில்லை.

பழைய_கேங்மேன்:
போய்ச் சேர்ந்து, சரி, பொறுப்போம் என்றிருந்தால் லைன் திறக்க இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்கும் என்பதையும் யோசியுங்கள் வாத்தியாரே.