லிவர்பூலைத் தேடி டார்ட்மவுத்தில்

சரக்கைச் சுங்கம் தாண்டவைத்து அனுப்பிவைக்கும் க்ளியரிங், ஃபார்வர்டிங் தொழிலில் இருப்பவர்களுக்கு 'தி ஒனெடின் லைன்' நிச்சயம் பிடிக்கும். 1971 முதல் 1980 வரை பிபிசியில் வந்த தொடர். கதை 1860-இல் லிவர்பூலில் தொடங்குகிறது. அப்பாவின் கடை அண்ணன் ராபர்ட்டுக்குப் போய்விட, ஜேம்ஸ் ஒனெடினுக்குச் சொந்தக் கப்பல் வேண்டும். கையில் காசு இல்லை. குடிகாரக் கிழவர் வெப்ஸ்டரிடம் 'சார்லட் ரோட்ஸ்' என்ற கப்பல் இருக்கிறது. அவர் மகள் ஆன், கப்பல் வேண்டுமானால் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். அவனும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்கிறான். கப்பலையே சீதனமாகக் கொண்டு வந்த மணப்பெண்ணை வேறெந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை.

ஜேம்ஸுக்குப் புயலைவிட, பாதி காலியாகக் கிளம்பும் கப்பல்தான் பயம். எங்கள் முதலாளியும் அதே ரகம்.

லிவர்பூல் துறைமுகமாகக் காட்டியதில் பெரும்பகுதி உண்மையில் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவனில் உள்ள டார்ட்மவுத். போன வருடம் அங்கே போனேன். ரயில் எதிர்க்கரையில், கிங்ஸ்வேரில் நின்றுவிடும். படகில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். டார்ட்மவுத்தில் ஸ்டேஷன் கட்டடம் இருக்கிறது, தண்டவாளம் என்றைக்குமே போட்டதில்லை!

அங்கே 'பேயர்ட்ஸ் கோவ்' என்ற இடத்தில் கல் பாவிய சின்னப் படித்துறை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர், "ஒனெடினா?" என்று கேட்டார். வாலிபத்தில் கூட்டக் காட்சிகளில் நின்றவராம். உடம்பெல்லாம் அரிக்கும் கம்பளிக் கோட்டு. காலிப் பீப்பாயைக் கனமாக இருப்பதுபோல் தூக்க வேண்டும். "முக்கி முனகியே நடிகனாகிவிட்டேன்" என்று சிரித்தார். 'சார்லட் ரோட்ஸ்' ஆக நடித்த கப்பல் 1904-இல் டென்மார்க்கில் கட்டப்பட்டது. 1979-இல் ஆம்ஸ்டர்டாமில் எரிந்துபோனது. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் சண்டை. இரண்டாம் சீசன் முடிவில் ஆன் பிரசவத்தில் இறந்துவிடுவாள். அதோடு தொடரே முடிந்தது என்பது அவர் கட்சி. எனக்கு ஜேம்ஸின் கப்பலில் வேலை பார்க்கும் கேப்டன் பெயின்ஸ் இருக்கும்வரை போதும். எழுதப் படிக்கத் தெரியாத அந்த முரட்டு ஆளுக்கு ஆன் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததை எப்படி மறக்க முடியும்? ஆனாக நடித்த ஆன் ஸ்டாலிபிராஸ், ஜேம்ஸாக நடித்த பீட்டர் கில்மோரையே 1987-இல் நிஜமாகத் திருமணம் செய்துகொண்டார். அதைச் சொன்னதும், "அந்தக் கல்யாணத்திலாவது கப்பல் கைமாறியிருக்காது" என்றார் பெரியவர்.