பென்டியம் 3 கணினியில் 160 ஜிபி ஹார்ட் டிஸ்க்: பயாஸ் உறைந்துவிடுகிறது, கன்ட்ரோலர் கார்டு உதவுமா?

அச்சுக்கூடம்:
வணக்கம். எங்கள் அச்சகத்தில் ஒரு பென்டியம் 3 இன்னும் ஓடுகிறது. 440பிஎக்ஸ் சிப்செட், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு. பழைய கல்யாணப் பத்திரிகைகள், கும்பாபிஷேக அழைப்பிதழ்கள் எல்லாம் அதில் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகளாக இருக்கின்றன. தமிழ் எழுத்துரு மென்பொருளோ பிரின்டர் போர்ட்டில் டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கும் சிறு சாதனம்) செருகினால்தான் திறக்கும். ஆகவே "புதுக் கணினி வாங்குங்கள்" என்பதைத் தவிர எந்த யோசனையும் சொல்லலாம்.

அதிலுள்ள 20 ஜிபி டிஸ்க் கறகறவென்று சத்தம் போடுகிறது. பழைய சாமான் கடையில் 160 ஜிபி ஐடிஇ (பழைய பட்டைக் கேபிளில் இணையும்) டிஸ்க் ஒன்று கிடைத்தது. அதை மாட்டினால் டிஸ்கைத் தேடும் இடத்திலேயே திரை உறைந்து நிற்கிறது. டெலீட் விசையை அழுத்தியும் பயாஸுக்குள் (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு நிரல்) போக முடியவில்லை. கழற்றினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இந்த மதர்போர்டுக்குப் புதிய பயாஸ் கிடைக்கவில்லை. பிசிஐ ஸ்லாட்டில் செருகும் ஐடிஇ கன்ட்ரோலர் கார்டு போட்டால் வேலை நடக்குமா?

சாலிடர்:
டிஸ்கில் கோளாறு இல்லை. 1999 வாக்கில் வந்த பல பயாஸ்கள் 65,535 சிலிண்டருக்கு (டிஸ்கின் இடத்தை எண்ணும் வளைய அலகு) மேல் எண்ணத் தெரியாமல் உறைந்துவிடும். கணக்குப் போட்டால் அது 33.8 ஜிபி. டிஸ்கின் மேல் ஒட்டியிருக்கும் ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு செருகி) படத்தைப் பாருங்கள். 32 ஜிபிக்குச் சுருக்கிக் காட்டும் ஜம்பர் இருந்தால் இப்போதே கணினி எழுந்துவிடும்.

மின்மினி:
எல்லாவற்றையும் மெய்நிகர் கணினிக்கு (புதிய கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) மாற்றிவிட்டால் என்ன?

அச்சுக்கூடம்:
மின்மினி, எங்களிடம் உள்ள புதிய கணினிகளில் பிரின்டர் போர்ட்டே இல்லை. சாலிடர் சார், ஜம்பர் படம் இருக்கிறது, ஆனால் 160 ஜிபி வாங்கி 32 ஜிபி பயன்படுத்த மனம் வரவில்லை.

பழைய பெட்டி:
கார்டு உதவும். அதில் அதற்கென்று தனி பயாஸ் சிப் இருக்கிறது. டிஸ்கைக் கார்டில் மாட்டினால் மதர்போர்டு பயாஸ் அதைத் தேடவே தேடாது. கார்டின் பயாஸே கண்டுபிடித்து டாஸுக்கும் விண்டோஸுக்கும் அறிமுகப்படுத்தும். பிராமிஸ் அல்ட்ரா133 டிஎக்ஸ்2 கிடைத்தால் எடுங்கள். 137 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்குகளுக்கென்றே வந்த கார்டு அது, விண்டோஸ் 98க்கு டிரைவரும் உண்டு.

அந்த 137ஐ மறக்காதீர்கள். பழைய ஐடிஇ முறையில் முகவரிக்கு 28 பிட்தான், அதாவது 2^28 செக்டர் (டிஸ்கின் சிறு துண்டு), ஒவ்வொன்றும் 512 பைட், ஆக ஏறத்தாழ 137 ஜிபி. விண்டோஸ் 98இன் சொந்த ஐடிஇ டிரைவருக்கு அதற்கு மேல் தெரியாது. எல்லையைத் தாண்டி எழுதச் சொன்னால், சுற்றிக்கொண்டு டிஸ்கின் தொடக்கத்துக்கே வந்து எழுதிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒருநாள் காலையில் ஃபோல்டர்களே இருக்காது. கார்டின் டிரைவர் விண்டோஸின் டிரைவரைத் தொடாமல் தனி வழியில் போவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பின்னாளில் யாராவது அதே டிஸ்கை மதர்போர்டு சாக்கெட்டில் மாட்டினால் ஆபத்து. பெட்டியின் உள்பக்கம் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.

எதை முதலில் செய்வது என்பது முக்கியம். கறகற சத்தம் கேட்கிறது என்றால், முதலில் கோப்புகளைச் சிடியிலோ நெட்வொர்க் வழியாகவோ வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே இருக்க, கார்டை மட்டும் வெறுமனே செருகி விண்டோஸுக்குள் போய் டிரைவரைப் போடுங்கள். அதன்பின்தான் புதிய டிஸ்க். டிரைவர் இல்லாமல் டிஸ்கை மாற்றினாலும் விண்டோஸ் எழும், ஆனால் டாஸ் இணக்க முறையில் (விண்டோஸ் டிரைவர் இல்லாமல் பழைய டாஸ் வழியில்) நத்தையாக ஊரும்.

அச்சுக்கூடம்:
கார்டு கிடைத்துவிட்டது, மிக்க நன்றி. வெறுமனே செருகியதும், டிஸ்க் எதுவும் இல்லை, பயாஸ் நிறுவப்படவில்லை என்று ஒரு செய்தி வருகிறது. கார்டு பழுதா?

சாலிடர்:
பழுதில்லை. டிஸ்க் இல்லாவிட்டால் அப்படித்தான் சொல்லும். ஏஜிபி (கிராஃபிக்ஸ் கார்டு) ஸ்லாட்டை ஒட்டிய முதல் பிசிஐ ஸ்லாட்டில் செருகியிருந்தால் வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். பல மதர்போர்டுகளில் அந்த இரண்டும் ஒரே ஐஆர்க்யூவை (கார்டு செயலியை அழைக்கும் வழி) பகிர்ந்துகொள்ளும்.

அச்சுக்கூடம்:
ஸ்லாட்டை மாற்றி டிரைவரும் போட்டாயிற்று. டிஸ்கை மாட்டியதும் கார்டு அதன் பெயரைச் சரியாகக் காட்டுகிறது. இரண்டு சந்தேகங்கள். வேகம் யுடிஎம்ஏ 2 (குறைந்த வேக முறை) என்று மட்டுமே வருகிறது. டிஸ்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரல் மொத்தக் கொள்ளளவை ஏறத்தாழ 21,500 எம்பி என்கிறது!

பழைய பெட்டி:
முதலாவது கேபிள். பழைய டிஸ்கின் 40 கம்பி கேபிளையே போட்டிருப்பீர்கள். 80 கம்பி கேபிள் வேண்டும். அதன் நீல முனை கார்டில், கறுப்பு முனை டிஸ்கில், நடுவிலுள்ள சாம்பல் முனை காலியாக இருக்கட்டும்.

இரண்டாவது, எஃப்டிஸ்கின் குறை. 64 ஜிபிக்கு மேல் அதற்குக் கணக்குத் தவறும். 65,536 எம்பியை முடிந்த மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டும். உங்கள் 160 ஜிபி அதன் கணக்கில் 1,52,627 எம்பி; அதில் இரண்டு முறை கழித்தால் 21,555. மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட திருத்திய எஃப்டிஸ்கைப் பயன்படுத்துங்கள். அளவை எம்பியில் தராமல் சதவீதத்தில் தாருங்கள். அதன் திரையில் ஐந்து இலக்கத்துக்குத்தான் இடம். ஃபார்மட் செய்யும்போதும் எண் தவறாகத் தெரியும், ஆனால் முழுதாக ஃபார்மட் ஆகிவிடும்.

ஒரே பார்ட்டிஷனாக (பகுதியாக) போடாதீர்கள். விண்டோஸ் 98இன் பிழை தேடும் நிரலான ஸ்கேன்டிஸ்க் 127.53 ஜிபிக்கு மேற்பட்ட பார்ட்டிஷனைச் சோதிக்காது. இயங்குதளத்துக்கு ஒன்று, கோப்புகளுக்கு இரண்டு என்று மூன்றாகப் பிரிக்கலாம்.

அச்சுக்கூடம்:
மூன்றாகப் பிரித்து, பழைய டிஸ்கிலிருந்து அனைத்தையும் நகலெடுத்தாயிற்று. இப்போது பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, புதியதிலிருந்தே விண்டோஸ் தொடங்க என்ன செய்ய வேண்டும்?

சாலிடர்:
கழற்றும் முன் எஃப்டிஸ்கில் முதல் பார்ட்டிஷனை ஆக்டிவ் (கணினி தொடங்கும் பகுதி) ஆக்கினீர்களா என்று பாருங்கள், பலர் தடுக்கி விழுவது அங்கேதான். மதர்போர்டு பயாஸில் ஐடிஇ டிஸ்க் இடங்களை 'நன்' (எதுவுமில்லை) என்று வைத்து, பூட் வரிசையில் ஸ்கஸியை (வேறு வகை டிஸ்க் இணைப்பு) முன்னால் கொண்டுவாருங்கள். கார்டு ஐடிஇ ஆனாலும் பயாஸ் அதை ஸ்கஸி வரிசையில்தான் சேர்க்கும்.

அச்சுக்கூடம்:
ஆக்டிவ் ஆக்கவில்லைதான். ஆக்கியதும் எழுந்துவிட்டது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டாஸ் இணக்க முறை பற்றிய எச்சரிக்கையும் இல்லை. டாங்கிளும் வேலை செய்கிறது. பழைய 20 ஜிபியைத் தூக்கி எறிந்துவிடலாமா?

பழைய பெட்டி:
கொஞ்ச நாள் பீரோவில் இருக்கட்டும். இந்த 160ம் பழைய சாமான் கடைச் சரக்குதானே.