கலைச்சொல் விவாதம்: ‘ஃப்ரீ ஏஜென்ட்’, ‘வைட் ரிசீவர்’ – டல்லாஸ் அணியின் 2022 டிசம்பரை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்கக் காற்பந்து குறித்த சொற்பட்டியலில், ஒப்பந்தம் முடிந்து அணி தேடும் வீரரைக் குறிக்கும் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்பதற்கு எதிரே இதுவரை சுயேச்சை வீரர், கட்டற்ற வீரர், ஒப்பந்தமற்ற வீரர் என்ற மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இயந்திர மொழிபெயர்ப்பு தந்த ‘இலவச முகவர்’ என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வீரருக்காகப் பேரம் பேசும் முகவர்கள் அந்த ஆட்டத்தில் உண்மையாகவே இருப்பதால், அது சிரித்துவிட்டுக் கடந்துபோகும் பிழை அல்ல, வாசகரை வேறு ஆளிடம் கொண்டுபோய் நிறுத்தும் பிழை. மற்ற மூன்றும் படித்தவுடன் புரிகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றும் ஒரே கேள்வியைத் தவறவிடுகின்றன: அந்த வீரரை ஒப்பந்தம் செய்யும் உரிமை யாருடைய கையில் இருக்கிறது?

இதை விளக்க, மொழிபெயர்ப்புக்காக நமக்கு வந்திருக்கும் கட்டுரை பேசும் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் 2022 பருவத்தையே எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு மார்ச்சில் அணி தன் மூத்த ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) அமரி கூப்பரைக் கிளீவ்லாண்டுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பெரும்பாலும் புது வீரர் ஒருவரை எடுக்கும் ஐந்தாம் சுற்றுத் தெரிவை மட்டுமே பெற்றது. அவருடைய அவ்வாண்டுச் சம்பளமான 2 கோடி டாலர் சில நாள்களில், கொடுத்தே ஆக வேண்டிய உறுதித்தொகையாக மாறவிருந்ததே காரணம். கையில் எஞ்சியவர்களில் மைக்கேல் கேலப் ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து மீண்டுகொண்டிருந்தார். புதிதாகச் சேர்க்கப்பட்ட ஜேம்ஸ் வாஷிங்டனுக்குப் பயிற்சி முகாமிலேயே பாதத்தில் எலும்பு முறிந்தது. ஆக, எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியவர் சீடி லேம்ப் ஒருவர்தான். நவம்பர் வந்ததும், வெளியே இருக்கும் ஒருவரை எடுத்தாக வேண்டும் என்ற பேச்சு டல்லாஸ் முழுவதும் ஓங்கியது.

வெளியே இருந்தவர் ஓடெல் பெக்கம் ஜூனியர். முந்தைய பருவத்தின் இறுதிப் போட்டியில், 2022 பிப்ரவரி 13 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்காக ஆட்டத்தின் முதல் டச் டவுனை (பந்தை எதிரணியின் இறுதி எல்லைக்குள் சேர்த்துப் பெறும் புள்ளி) அடித்துவிட்டு, இரண்டாம் கால்பகுதியில் யாரும் தொடாமலே முழங்கால் மடங்கி விழுந்தார். அவருடைய ஓராண்டு ஒப்பந்தம் மார்ச்சில் முடிந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ், பஃபலோ பில்ஸ், டல்லாஸ் என்று மூன்று அணிகளையும் நேரில் சென்று சந்தித்தார். டல்லாஸ் அவரை எடுக்கவில்லை. அந்தக் கால் ஜனவரிக்குள் ஓடுமா என்ற ஐயமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு வாரம் கழித்து, இண்டியானாபொலிஸ் அணியில் பத்துப் பருவங்கள் ஆடிவிட்டு வீட்டில் இருந்த 33 வயது டி. ஒய். ஹில்டனை ஒப்பந்தம் செய்தது.

முடிவு சரியா என்று கேட்பவர்கள் டிசம்பர் 24 ஆட்டத்தைப் பார்க்கலாம். பிலடெல்ஃபியாவுக்கு எதிராக நான்காம் கால்பகுதியில் ஏழு புள்ளி பின்தங்கியிருந்தபோது, மூன்றாவது முயற்சியில் 30 கெஜம் தேவைப்பட்டது. அந்த ஆட்டத்தில் இது ஏறத்தாழ நம்பிக்கையைக் கைவிடும் நிலை. டாக் பிரெஸ்காட் எறிந்த பந்தை ஹில்டன் 52 கெஜத்துக்குப் பிடித்தார். டல்லாஸ் அணியில் அவர் பிடித்த முதல் பந்து அதுதான். பந்து கைமாறுவதற்குள் லேம்ப் டச் டவுன் அடித்துச் சமன் செய்ய, டல்லாஸ் 40–34 என வென்றது. ஆனாலும் அந்த ஒரு பந்தை வைத்துப் பெக்கமை விட்டது சரி என்று தீர்ப்பு எழுத எனக்கு மனமில்லை. ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிடம் 19–12 எனத் தோற்ற ஆட்டத்தில் அணி மொத்தமே 12 புள்ளிகள்தான் எடுத்தது. லேம்புக்கு இணையாக இன்னொருவர் இல்லாத குறை அன்று நன்றாகத் தெரிந்தது.

இனி சொல்லுக்கு வருகிறேன். ஒப்பந்தம் முடிந்த எல்லாரையும் ஆங்கிலம் ‘ஃப்ரீ’ என்றே அழைத்தாலும், விதிகளின்படி அவர்களில் பலர் ஃப்ரீ அல்லர். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பருவங்களைக் கணக்கில் சேர்த்த வீரர் ஒப்பந்தம் முடிந்ததும் எந்த அணியோடும் பேசலாம். மூன்று பருவங்கள் மட்டும் முடித்தவர் மற்ற அணிகளோடு பேசலாம். ஆனால் பழைய அணி குறித்த அளவில் ஒரு தொகையை முன்வைத்திருந்தால், வெளியிலிருந்து வரும் வாய்ப்பை ஐந்து நாளுக்குள் தானும் ஈடுகட்டி அவரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். மூன்றுக்கும் குறைவானவரின் நிலை இன்னும் இறுக்கமானது: பழைய அணி குறைந்தபட்சச் சம்பளத்தை எழுத்தில் தந்துவிட்டால் போதும், அவர் வேறு யாரோடும் பேச முடியாது. இந்த மூன்றாவது ஆளைச் ‘சுயேச்சை’ என்றோ ‘கட்டற்றவர்’ என்றோ எழுதினால், அவருடைய நிலைக்கு நேர் எதிரானதை எழுதுகிறோம். ‘வரையறுக்கப்பட்ட கட்டற்ற வீரர்’ என்று அடைமொழி சேர்த்தால் முரண் கண்ணை உறுத்துகிறது. கட்டற்ற மென்பொருள், கட்டற்ற கலைக்களஞ்சியம் என்ற வழக்குகளில் நிலைபெற்றுவிட்ட ஒரு நல்ல சொல்லையும் வீணாக்குகிறோம்.

எனவே ‘உரிமை’ என்ற சொல்லையே அடியாகக் கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன். முதலாமவர் தன்னுரிமை வீரர். இரண்டாமவர் ஈட்டுரிமைக்கு உட்பட்ட வீரர், ஏனெனில் ஈடுகட்டும் உரிமை பழைய அணிக்கு இருக்கிறது. மூன்றாமவர் அணியுரிமை வீரர். யார் கையில் உரிமை இருக்கிறதோ அவர் பெயரே சொல்லில் முதலில் நிற்கிறது. உரையில் அடைமொழி இல்லாமல் ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்று வரும் இடங்களில் பெரும்பாலும் முதலாமவரே குறிக்கப்படுவதால், பொதுச் சொல்லாகவும் ‘தன்னுரிமை வீரர்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம்.

‘உரிமை’ என்று சொல்வதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. இந்த உரிமையை லீக் தானாக முன்வந்து கொடுக்கவில்லை. 1962இல் ஆர். சி. ஓவன்ஸ் என்ற ரிசீவர் சான் பிரான்சிஸ்கோவில் ஒப்பந்தக் காலத்தை ஆடி முடித்துவிட்டுப் பால்டிமோர் அணிக்குப் போனார். அடுத்த ஆண்டே ஆணையர் பீட் ரோசெல் பெயரால் ஒரு விதி வந்தது: அப்படிப் போகும் வீரரை எடுக்கும் அணி பழைய அணிக்கு இழப்பீடு தர வேண்டும், தொகை ஒத்துவராவிட்டால் எதைத் தருவது என்பதை ஆணையரே முடிவு செய்வார். எதைப் பிடுங்கிக் கொடுப்பார் என்று தெரியாத நிலையில் எந்த அணி கை நீட்டும்? ஜான் மேக்கி தொடுத்த வழக்கில் 1976இல் அவ்விதி சட்டவிரோதம் எனத் தீர்ப்பானது. ஆயினும் ஃப்ரீமன் மெக்நீல் வழக்கில் 1992இல் வந்த தீர்ப்புக்குப் பிறகுதான் இன்றைய முறை 1993இல் நடைமுறைக்கு வந்தது. அதன் மறுபாதியாக 1994இல் ஊதிய உச்சவரம்பும் வந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தால் தமிழர் வாயில் பழகிய சொல் இது. ‘சாலரி கேப்’ என்பதற்கு வேறெதையும் தேட வேண்டாம். (2022இல் அந்த வரம்பு அணி ஒன்றுக்கு 20.82 கோடி டாலர்.)

‘வைட் ரிசீவர்’ பற்றி எனக்குச் சொல்ல இருப்பது குறைவு. ‘பெறுநர்’ என்றால் கடித உறையின் மூலையில் எழுதுவதுதான் நினைவுக்கு வரும். ‘அகன்ற’ என்ற அடைமொழி ஆளின் உடம்பைக் குறித்துவிடும்; அங்கே அகலம் என்பது அணிவரிசையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதுதான். ‘புறப்பற்றுநர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அழகாக இருந்தாலும், படித்தவுடன் திருக்குறளின் துறவறவியல் உரையில் வரும் அகப்பற்றும் புறப்பற்றும்தான் முன்னே வந்து நிற்கின்றன. ஓட்டுநர், இயக்குநர் போலப் ‘பற்றுநர்’ என்று வைத்து, கோட்டோரத்தில் நிற்பவரை ‘ஓரப்பற்றுநர்’ எனலாம். அப்படியானால் நமக்கு வந்த கட்டுரையின் தலைப்பு ‘தன்னுரிமை ஓரப்பற்றுநர் ஒருவரை டல்லாஸ் ஒப்பந்தம் செய்ய வேண்டுமா?’ என்றாகும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், தடுக்கவில்லை. குழுவினர் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

•

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். உரிமையை அடியாகக் கொண்ட மூன்று சொற்களும் எனக்கு உவப்பானவை. ஆனால் எடுத்துக்காட்டாகத் தந்த டிசம்பர் மாதமே ஓர் இடைவெளியைக் காட்டுகின்றது. மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் முடிந்து பல அணிகள் விலை கேட்கும் வீரரும், டிசம்பர் மாதத்தில் எந்த அணியும் இல்லாமல் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் வீரரும் உரிமை அளவில் ஒன்றாயினும் நிலைமை அளவில் ஒன்றல்லர். இதே பெக்கம் 2021 நவம்பரில் இருந்த நிலை மூன்றாவது விதம். அன்று கிளீவ்லாண்ட் அணியே அவரை விடுவித்தது. பரிமாற்றக் கெடு கடந்துவிட்டதால் அவர் உரிமைகோரல் சுற்று ஒன்றைக் கடக்க வேண்டியிருந்தது. எந்த அணியும் கோராத பின்னரே நவம்பர் 11 அன்று ராம்ஸ் அணியில் சேர்ந்தார். மறுநாள் பயிற்சியில் அவ்வணியின் ராபர்ட் வுட்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. துணையாக வந்தவர் ஒரே நாளில் தவிர்க்க முடியாதவர் ஆனார்.

இந்த வேறுபாடு அணிகளின் கணக்கிலும் உண்டு. ஒப்பந்தம் முடிந்து போகும் வீரரை மார்ச்சில் எடுத்தால், எடுத்த அணிக்கு, அது இழந்த வீரர்களுக்கு ஈடாக அடுத்த ஆண்டு வரவேண்டிய ஈட்டுத் தெரிவுகளில் ஒன்று குறையக்கூடும். விடுவிக்கப்பட்டவரை எடுத்தால் அந்தக் குறைவு இல்லை. ஒப்பந்தம் முடிந்தவரே ஆயினும், ஏப்ரல் இறுதியில் நடக்கும் வீரர் தெரிவுக்குப் பின்னர் எடுத்தால் இல்லை. ஆகவே ‘எடுக்கலாமா’ என்ற கேள்விக்கு மார்ச்சில் ஒரு விடையும் டிசம்பரில் வேறு விடையும் வரும். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், மேலாளர் ஏன் மாதக்கணக்கில் பொறுத்திருந்தார் என்பது வாசகருக்கு விளங்காது.

அணி இல்லாமல் காத்திருப்பவரை ‘அணியிலி’ எனலாமே என்று தோன்றலாம்; அது வேண்டாம் என்பது என் கருத்து. அகதியைக் குறிக்கும் ஏதிலி என்ற சொல்லைப் பதிவு அட்டையில் சுமந்தவர்கள் எங்களிடையே உள்ளனர். கோடிக்கணக்கில் பேரம் பேசும் ஆட்டக்காரருக்கு அதே ஈற்றைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ‘அணிசேரா நாடுகள்’ என்ற தொடரை எல்லாரும் அறிவர். ‘அணிசேரா வீரர்’ என்றால் விளக்கம் தேவைப்படாது.

‘பற்றுநர்’ பற்றி ஒரு சொல். எங்கள் பத்திரிகைகளில் ‘பிடியெடுப்பு’ என்பது துடுப்பாட்ட (கிரிக்கெட்) செய்திகளில் நாளாந்தம் வரும் சொல். ‘பிடியெடுப்பாளர்’ என்பதை ஏன் எடுக்கக் கூடாது? அத்துடன், ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, ஓரத்தில் நிற்பவருக்கும் வரிசைக்கும் நடுவே நிற்பவரையும் வைட் ரிசீவர் என்றே அழைக்கிறார்களே, அவரை எப்படி ‘ஓர’ என்பது?

•

அன்புள்ள நண்பருக்கு,

‘அணிசேரா வீரர்’ நன்றாகப் பொருந்துகிறது, சேர்த்துவிடலாம். ஒரே ஒரு நிபந்தனை: அது நிலைமையைச் சொல்லும் சொல்லாக மட்டும் இருக்கட்டும், உரிமை வகைகளுள் நான்காவதாக வேண்டாம். பெக்கம் 2022 டிசம்பரில் தன்னுரிமை வீரர். அதே நாளில் அணிசேரா வீரரும்கூட. 2021 நவம்பரில் அவர் விடுவிக்கப்பட்ட வீரர். உரிமைகோரல் சுற்று முடிந்த பின்பே தன்னுரிமை பெற்றார். ‘விடுவிக்கப்பட்ட’, ‘தக்கவைக்கப்பட்ட’ என்ற இரண்டும் ஐ.பி.எல். ஏலச் செய்திகளால் தமிழகத்தில் பழகிப்போனவை என்பதால் அவற்றை மாற்ற வேண்டியதில்லை.

பிடியெடுப்பாளர் என்பதில் எனக்கு ஒரே தயக்கம், துடுப்பாட்டத்தில் பிடியெடுப்பவர் எதிரணிக்காரர் என்பதுதான். இங்கே எறிபவரும் பிடிப்பவரும் ஒரே அணி. எறிந்த பந்தைப் பிடிக்கும் செயலுக்குப் ‘பிடி’ என்றும், அந்த இடத்தில் ஆடுபவருக்குப் ‘பற்றுநர்’ என்றும் வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளாது. பெக்கம் 2023இல் 1.5 கோடி டாலர் உறுதித்தொகையுடன் பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்குப் போய் 35 பிடிகளில் 565 கெஜம் எடுத்தார் என்று எழுதலாம். அந்த விலைக்கு அது குறைவுதான். டல்லாஸ் தயங்கியதில் நியாயம் இருந்தது என்று நான் கருதுவதற்கு, ஹில்டனின் அந்த ஒற்றைப் பிடியைவிட இந்தக் கணக்கே வலுவான காரணம்.

உள்ளே தள்ளி நிற்பவரைப் பொறுத்தவரை உங்கள் கேள்வி சரியானது. ‘ஓர’ என்பதைக் கோட்டோரத்தில் நிற்பவருக்கு மட்டும் ஒதுக்கி, நடுவே நிற்பவரை ‘இடைப்பற்றுநர்’ என்றும், இருவருக்கும் பொதுவாக அடைமொழியற்ற ‘பற்றுநர்’ என்றும் எழுதலாம். அப்படியானால் தலைப்பில் ‘ஓர’ தேவையில்லை. ‘தன்னுரிமைப் பற்றுநர் ஒருவரை டல்லாஸ் ஒப்பந்தம் செய்ய வேண்டுமா?’ என்று குறுகிவிடும். வரிசையோடு ஒட்டி நின்று தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் ‘டைட் எண்ட்’ இதில் அடங்காது. அதைத் தனி இழையில் பேசலாம்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் டல்லாஸ் 2023 மார்ச்சில் பிராண்டின் குக்ஸைக் கொண்டுவந்த செய்தி இருக்கிறது. அவர் ஹூஸ்டனோடு ஒப்பந்தத்தில் இருந்தபோதே இரண்டு தெரிவுகளுக்கு ஈடாக வந்தவர். ஆகவே அந்தப் பத்தியில் தன்னுரிமை, அணிசேரா என்ற இரண்டில் எதையும் இடாமல், பட்டியலில் ஏற்கெனவே உள்ள ‘பரிமாற்றம்’ என்பதையே மொழிபெயர்ப்பாளர் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.