58,000 ரூபாய் சைக்கிளுக்கு எந்தப் பூட்டு?

கேள்வி:
போன மாதம் 58,000 ரூபாய்க்கு ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். பரங்கிமலை ஸ்டேஷன் வரை அதில் போய், நிறுத்திவிட்டு ரயில் பிடிக்கிறேன். காலை எட்டரைக்கு விட்டால் எடுக்க இரவு ஏழரை ஆகும். பழைய சைக்கிள் எங்கள் அபார்ட்மெண்ட் கீழ்த்தளத்திலேயே காணாமல் போனது. அறுந்த கேபிள் மட்டும் தரையில் கிடந்தது. இன்னும் தடிமனான கேபிள் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா? 3,000 ரூபாய் வரை செலவு செய்யலாம்.

பதில் 1:
போதாது. தடிமனாகத் தெரிவதில் பாதி பிளாஸ்டிக் உறை. உள்ளே மெல்லிய கம்பிகளின் முறுக்குதான். கையடக்கமான கட்டரே கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிவிடும். யூ-லாக் (U வடிவில் வளைத்த தடித்த எஃகுக் கம்பிப் பூட்டு) வாங்குங்கள். கடினமாக்கிய எஃகு, 13 மி.மீ.க்குக் குறையாத கம்பி. வளையம் சிறியதாக இருக்கட்டும், இடைவெளி விட்டால் ஜாக்கி நுழைத்துப் பிளந்துவிடுவார்கள். 'சோல்டு செக்யூர்' முத்திரை இருந்தால் நல்லது. பிரிட்டனில் பூட்டுகளை உடைத்துப் பார்த்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் கொடுக்கிறார்கள்.

பதில் 2:
எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம் தம்பி. முன் சக்கரத்தை மட்டும் பூட்டவே பூட்டாதீர்கள். குவிக் ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே கழற்றும் வகை) என்றால் சக்கரத்தைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு மீதியைத் தூக்கிப் போய்விடுவான். அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் சொன்ன முறை எளிது: ஃபிரேமின் பின் முக்கோணத்துக்குள் வரும் இடத்தில் பின் ரிம்மைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். ரிம் அந்த முக்கோணத்தைத் தாண்டி வெளியே வர முடியாது, ஃபிரேமும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். முன் சக்கரத்துக்குக் கேபிள் போதும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இன்று போய்ப் பார்த்தேன். அங்கே இருப்பது கூரையைத் தாங்கும் தடித்த இரும்புத் தூண் மட்டும்தான். யூ-லாக் சுற்றி வராது.

பதில் 2:
அப்படியானால் சங்கிலிதான். இரும்புக் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரணச் சங்கிலி வேண்டாம், அது எளிதில் வெட்டுப்படும். சைக்கிளுக்கென்றே வரும் கடினமாக்கிய சங்கிலி, 10 மி.மீ.க்குக் குறையாமல். கனமாக இருக்கும், தினமும் சுமக்காமல் தூணிலேயே பூட்டி விட்டு வாருங்கள். சங்கிலி தரையில் கிடக்க வேண்டாம், தரையில் வைத்து மிதித்து வெட்டுவது சுலபம். அப்புறம், தூணை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். அடியில் போல்ட் என்றால் ஸ்பேனரே போதும்.

பதில் 3:
இரும்பை அறுக்கும் பேட்டரி கிரைண்டர் கொண்டு வந்தால் இந்தப் பூட்டுகளெல்லாம் சில நிமிடம்தான். அதனால் ஆள் நடமாட்டம் உள்ள பக்கமாக நிறுத்துங்கள். பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேம் எண் இருக்கும், இன்றே படம் எடுத்து பில்லோடு வையுங்கள். என் சைக்கிள் போனபோது போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்டது அந்த எண்தான். என்னிடம் இல்லை. இன்றுவரை அது மனதை அறுக்கிறது.

கேட்டவர்:
எண்ணைப் படம் எடுத்துவிட்டேன். தூண் காங்கிரீட்டில் பதித்தது, அசையவில்லை. சனிக்கிழமை சங்கிலி வாங்குகிறேன்; அதுவரை பஸ்தான்.