கரம்ஜாவில் லாப்ஸ்டர் பிடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? (ரூன்ஸ்கேப் ஆன்லைன் கேம்)

கூண்டுக்காரி:
2006-ல் எங்கள் தெரு பிரவுசிங் சென்டரில் ஆடிப் பழகினேன். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், ஜாவா இருந்தால் போதும், அதனால்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடியது. எனக்குச் சண்டையைவிட மீன்பிடிப்பதுதான் உயிர். லெவல் 40 வந்ததும் போர்ட் சாரிம் துறைமுகத்தில் 30 காசு கொடுத்துக் கரம்ஜா தீவுக்குக் கப்பல் ஏறுவேன். பையில் 28 இடம், கூண்டுக்கும் காசுக்கும் போக ஒரு நடைக்கு 26 லாப்ஸ்டர். அந்தக் கரைப்பக்கம் வங்கி கிடையாது, திரும்பக் கப்பல் ஏறி டிரேனர் ஊர் வங்கி வரை நடக்கணும். ஆனால் அந்தக் கரையில் முகம் தெரியாதவர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரம் இருக்கிறதே, அதற்காக எத்தனை நடையும் போகலாம். இப்போது ஓல்ட் ஸ்கூல் என்கிற பழைய பதிப்பில் முதலிலிருந்து ஆரம்பித்தால் அந்தச் சுகம் திரும்பக் கிடைக்குமா?

வில்லோமரம்:
தாராளமாக ஆரம்பியுங்கள். 2007 ஆகஸ்ட் பேக்கப்பை வைத்துத்தான் கேம் கம்பெனியான ஜாகெக்ஸ் 2013-ல் அதைத் திறந்தது, லம்பிரிட்ஜ் கோட்டை அப்படியே இருக்கிறது. போர்ட் சாரிம் துறையிலேயே பொருளை வங்கிக்கு அனுப்பும் டெபாசிட் பெட்டி இருக்கிறது, டிரேனர் வரை நடக்க வேண்டாம். பிள்ளை தூங்கின பிறகு போனில் அரை மணி நேரம் மரம் வெட்டுவேன், நாள் முழுக்க இருந்த பாரம் இறங்கிவிடும்.

பழைய வாரக்வாசி:
ஊர் கிடைக்கும், ஆட்கள் கிடைப்பார்களா என்பதுதான் என் கேள்வி. 2007-ல் என் கவசத்துக்குத் தங்க விளிம்பு போட்டுத் தருகிறேன் என்று ஒருவன் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டான். பல மாதம் சேர்த்தது, அழுதே விட்டேன். நீங்கள் சொன்ன அதே கரையில் பழக்கமான ஒரு பிலிப்பைன்ஸ் பையன் தன் அடமண்ட் கவசத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு நின்றான். அந்த டிசம்பரில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்கும் வைல்டர்னஸ் சண்டையை எடுத்தார்கள், அடுத்த ஜனவரியில் கொடுக்கல் வாங்கலுக்கும் வரம்பு வைத்தார்கள், அப்படி ஒருவருக்கு ஒருவர் தூக்கிக் கொடுக்கவே வழியில்லாமல் போனது. எங்கள் கூட்டமும் கலைந்தது. 2011-ல் ஓட்டெடுப்பு நடத்தி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தபோது யாரும் இல்லை. போன வருஷம் பழைய கணக்கில் நுழைந்து பார்த்தேன், நண்பர்கள் பட்டியல் முழுக்கச் சிவப்பு, யாரும் ஆன்லைனில் இல்லை. அந்தப் பையன் பெயரும்தான். இன்னும் நீக்க மனசு வரவில்லை.

கூண்டுக்காரி:
நீக்காதீர்கள் அண்ணா. நான் நேற்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டேன், லம்பிரிட்ஜ் சதுப்பில் வலை போட்டு இறால் பிடிக்கிறேன், லெவல் 14. 40 வந்ததும் இங்கே சொல்கிறேன், இரண்டு பேரும் கரைக்கு வாருங்கள்.